கால்பந்தில் நுட்பமா, உடம்பா? 8 முதல் 16 வயது வரை எதை எப்போது பழக்குவது

பொங்கல் டோர்னமென்ட் முடிந்த கையோடு எங்கள் பக்கத்தில் நாலைந்து ஊர்களிலாவது யாராவது ஒரு தம்பி பிள்ளைகளைத் திரட்டி ஃபுட்பால் கோச்சிங் ஆரம்பிப்பார். சித்திரை வருவதற்குள் பாதிப் பிள்ளைகள் நின்றுவிடும். அந்தத் தம்பிக்கு ஆர்வம் குறைவில்லை. எதை முதலில் பழக்குவது, எதைப் பிறகு பழக்குவது என்ற வரிசைதான் தலைகீழாகப் போய்விடுகிறது.

தஞ்சாவூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு கிராமத் திடலில் பல வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறேன். என் முடிவு இதுதான். உடம்பில் பாதி தானாக வளரும், மீதியைப் பிறகு வளர்த்துக்கொள்ளலாம். பந்தோடு உள்ள உறவு தானாக வராது, அதற்கான நல்ல காலம் 12 வயதுக்கு முன்பு. அதனால் நுட்பம் முதலில். ஆனால் உடம்பை மறந்துவிடுங்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எந்த வயதில் உடம்பின் எந்தப் பகுதி என்பதைத் தெரிந்து செய்ய வேண்டும்.

1. தொடங்கும் முன்: பந்து, தரை, நேரம்

ஒரு பிள்ளைக்கு ஒரு பந்து. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பத்துப் பந்துதான் இருக்கிறது என்றால் பத்துப் பிள்ளைகளோடு தொடங்குங்கள், அல்லது இரண்டு பேட்ச் வையுங்கள். இரண்டு பந்தும் இருபது பிள்ளைகளும் என்றால் ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளை பந்தைத் தொடுவது ஐந்தாறு நிமிஷம்கூட இருக்காது. மற்ற நேரமெல்லாம் வரிசையில் நின்று வேடிக்கை பார்க்கும்.

8 வயது வரை 3-ஆம் நம்பர் பந்து, 9 முதல் 12 வரை 4-ஆம் நம்பர், 13-லிருந்து 5-ஆம் நம்பர். பெரியவர்களின் 5-ஆம் நம்பர் பந்து 410 முதல் 450 கிராம் எடை இருக்கும். அதை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் உடம்பைப் பின்னால் சாய்த்து விரல் நுனியால் குத்தும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் எடுக்க இரண்டு வருஷம் ஆகும். காற்றையும் கல் மாதிரி அடைக்காதீர்கள். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக உள்வாங்க வேண்டும்.

தரை விஷயத்தில்தான் டெல்டாக்காரர்கள் அதிகம் தவறுகிறோம். சம்பா அறுத்த வயல் பார்க்கப் பெரிய மைதானம் போலத் தெரியும். ஆனால் அறுத்த தாள் காலைக் குத்தும், அறுப்பு மெஷின் ஓடிய தடத்தில் கணுக்கால் பிசகும். உளுந்து, பயறு விதைத்திருந்தால் பேச்சே இல்லை. பங்குனி, சித்திரையில் களிமண் வெடித்து, சின்னப் பாதம் உள்ளே போகும் அளவுக்குப் பிளந்து கிடக்கும். வெடிப்பில் மணல் போட்டு, தண்ணீர் தெளித்து, மிதித்துவிட்டுத்தான் பிள்ளைகளை இறக்க வேண்டும். முதல் வருஷம் நான் இதைச் செய்யவில்லை. ஒரு பையன் கணுக்கால் வீங்கி ஒன்றரை மாதம் உட்கார்ந்திருந்தான்.

தண்ணீர் இல்லாத மாதங்களில் ஆற்று மணலில் ஆடுவது கால் வலுவுக்கு நல்லது, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமும்கூட. ஆனால் மணலில் பந்து உருளாது. பந்தை வாங்கி நிறுத்தும் பழக்கத்தை அங்கே கற்றுக்கொடுக்க முடியாது. வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் வேண்டாம்.

இருப்பதிலேயே நல்ல இடம் நெல் காயப்போடும் சிமென்ட் களம். பந்து நேராக ஓடும், பக்கத்தில் கிடங்குச் சுவர் ஒன்று இருந்தால் அதைவிட வேறு உபகரணம் வேண்டாம். அறுவடைச் சமயத்தில் களம் கிடைக்காது, அதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பள்ளி வராந்தாவையோ மழை விட்டதும் களத்தையோ நம்பியிருங்கள். சேற்றில் ஆட விடலாம், பழக்க முடியாது.

நேரம்: காலை 6 முதல் 7.30, இல்லையென்றால் மாலை 4.45-க்கு மேல். அடையாளத்துக்கு வைக்கும் கோனுக்குப் பதில் வெட்டிய தண்ணீர் பாட்டில் போதும். செங்கல் மட்டும் வேண்டாம், விழுந்தால் பல் போகும்.

2. முதல் நாள் வேலை: நோட்டும் சுவர்க் கோடும்

பந்தை உதைக்கச் சொல்லும் முன் ஒரு நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பிறந்த தேதி, உயரம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே சுவரில், அதே காலை நேரத்தில், செருப்பில்லாமல் நிற்க வைத்து அளக்க வேண்டும். சாயங்காலம் அளந்தால் ஒரு சென்டிமீட்டர் வரை குறைவாகக் காட்டும், அதனால் காலை என்றால் எப்போதும் காலை.

இது ஏன் என்று பலர் கேட்பார்கள். வயதுப் பிரிவுகள் பெரும்பாலும் ஜனவரி 1-ஐ வைத்துப் பிரிக்கப்படுகின்றன. ஜனவரியில் பிறந்த பையனும் டிசம்பரில் பிறந்த பையனும் ஒரே பிரிவு. பத்து வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது வாழ்ந்த காலத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. ஐரோப்பாவில் பல நாடுகளின் இளையோர் அணிகளில் வருஷத்தின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்களே கூட்டமாக இருப்பதற்கு இதுதான் காரணம். கோச் திறமையைத் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டு மாதத்தைத் தேர்ந்தெடுக்கிறார்.

பிறந்த மாதம் பாதிக் கதைதான். ஒரே நாளில் பிறந்த இரண்டு பையன்களில் ஒருவன் 12 வயதில் திடுதிப்பென்று வளர்வான், இன்னொருவன் 15-இல் வளர்வான். சாதாரணமாகப் பிள்ளைகள் வருஷத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வார்கள். வேகமாக வளரும் கட்டத்தில் பையன்கள் ஒன்பது, பத்து சென்டிமீட்டர்கூட எழும்புவார்கள். அது பெரும்பாலும் 13, 14-இல் வரும். பெண் பிள்ளைகளுக்குச் சுமார் இரண்டு வருஷம் முன்பே வந்துவிடும். மூன்று மாதத்தில் இரண்டரை சென்டிமீட்டர் ஏறியிருந்தால் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு போடுங்கள். 5-ஆம் பகுதியில் அது தேவைப்படும்.

3. 8 முதல் 11 வரை: காலுக்குப் பந்து பழகட்டும்

இந்த வயதில் ஒரு மணி நேரப் பயிற்சி என்றால் 50 நிமிஷம் காலில் பந்து இருக்க வேண்டும். திடலைச் சுற்றிப் பத்து ரவுண்டு ஓடச் சொல்வது எங்கள் பக்கத்தில் சடங்கு மாதிரி ஆகிவிட்டது. அதை விட்டுவிடுங்கள். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை, களைத்துப்போன காலோடு பந்துக்கு வருவதுதான் மிச்சம். ஓட்டம் வேண்டும் என்றால் பந்தோடு ஓடிப்பிடித்து ஆட விடுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதல் பத்து நிமிஷம் ஆளுக்கொரு பந்தோடு சின்னச் சதுரத்துக்குள் இடித்துக்கொள்ளாமல் சுற்றுவது. உள்ளங்கால், உள்பக்கம், வெளிப்பக்கம், இரண்டு கால்களும். அப்புறம் சுவர். அப்புறம் ஒருவருக்கு ஒருவர். கடைசி இருபது நிமிஷம் மூவருக்கு மூவர் அல்லது நால்வருக்கு நால்வர் ஆட்டம்.

சுவர் வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. சுவரிலிருந்து நாலு அடி தள்ளி நிற்கட்டும். இடது காலின் உள்பக்கத்தால் தட்டி, திரும்பி வரும் பந்தை வலது காலால் வாங்க வேண்டும். வாங்கும் பாதத்தைப் பாருங்கள். புதுப் பிள்ளைகள் பாதத்தைக் கட்டையாக விறைத்து வைத்திருப்பார்கள், பந்து பட்டதும் இரண்டடி தெறித்துப் போகும். பந்து வந்து தொடும் அதே நொடியில் பாதம் ஒரு சாண் பின்னால் போக வேண்டும், எறிந்த மாங்காயைக் கை பின்வாங்கிப் பிடிப்பது போல. அந்த மாங்காய் உதாரணத்தைச் சொன்னதும் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. பேச்சில் சொல்வதைவிடக் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை எறிந்து பிடித்துக் காட்டுங்கள்.

அது வந்ததும் அடுத்தது: பந்தை நிறுத்துவதற்காக வாங்கக் கூடாது, அடுத்து போக வேண்டிய பக்கத்துக்குத் தள்ளி வாங்க வேண்டும். அதற்கு உடம்பு சுவருக்கு நேராக நிற்காமல் அரைவாசி திரும்பி நிற்க வேண்டும். இந்த அரைத் திருப்பம் வராத பிள்ளை பதினாறு வயதில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி பின்தங்கும்.

இடது கால் விஷயத்தில் பிள்ளைகள் ஏமாற்றுவார்கள். நாம் திரும்பியதும் வலதுக்கு மாறிவிடும். திட்ட வேண்டாம், வலது கால் தொட்டால் பந்து எதிரணிக்கு என்று ஐந்து நிமிஷ ஆட்டம் வையுங்கள். தானாக வரும்.

சின்ன அணியாக ஆட விடுவதற்கும் காரணம் உண்டு. பதினொருவர் ஆட்டத்தில் பத்து வயதுப் பிள்ளை பந்தைத் தொடுவது எப்போதாவதுதான். நால்வர் ஆட்டத்தில் ஒதுங்கி நிற்க இடமே இல்லை.

4. பெரிய பையனையும் சின்னப் பையனையும் எப்படிப் பிரிப்பது

புதியவர்கள் கட்டாயம் சறுக்கும் இடம் இது. பன்னிரண்டு வயதில் மீசை அரும்பிய ஒரு பையன் எங்களிடம் இருந்தான். எந்த மேட்ச் ஆனாலும் பந்தை முன்னால் தள்ளிவிட்டு ஓடுவான், யாராலும் பிடிக்க முடியாது. ஒரு சீசனில் பாதி கோல் அவனுடையதுதான். நானும் கைதட்டினேன். பதினைந்து வயதில் மற்றவர்களும் அவன் உயரத்துக்கு வந்துவிட்டார்கள். தள்ளிவிட்டு ஓட இடம் கிடைக்கவில்லை, இறுக்கமான இடத்தில் பந்தை வாங்கவும் தெரியவில்லை. ஒரு வருஷம் பெஞ்சில் இருந்துவிட்டுக் கபடிக்குப் போய்விட்டான். அவனுக்கு அந்த மூன்று வருஷத்தில் நான் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை. அவன் ஜெயித்துக்கொண்டிருந்ததால் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் வயதுப்படி பிரிக்கிறேன், ஒரு நாள் உடம்புப்படி. வயதைப் பார்க்காமல் வளர்ச்சியைப் பார்த்துச் சேர்க்கும் இந்த முறையை இங்கிலாந்து கிளப்களின் அகாடமிகளும் பயன்படுத்துகின்றன. முந்தி வளர்ந்த பையன் தன்னைப் போன்ற உடம்புக்காரர்களோடு மோதும்போது வேகம் உதவாது, காலையும் மூளையையும் பயன்படுத்தியே ஆக வேண்டும். பிந்தி வளரும் பிள்ளை அன்றைக்குப் பந்தை வைத்துக்கொண்டு அணியை நடத்திப் பார்க்கும். இரண்டு பேருக்கும் அந்த ஒரு நாள் தேவை.

வயதுப்படி ஆடும் நாட்களையும் விடாதீர்கள். சின்னப் பையன் பெரியவர்களிடம் இடிபடாமல் தப்பிக்கக் கற்றுக்கொள்வதும் ஒரு நுட்பம்தான். பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பிப் பார்ப்பது, ஒரே தொடுதலில் கொடுத்துவிட்டு நகர்வது எல்லாம் பெரும்பாலும் இந்தப் பிள்ளைகளுக்குத்தான் நன்றாக வரும். நால்வர் வெளியே, ஒருவர் நடுவே நின்று பந்தைப் பறிக்கும் ஆட்டத்தை 11 வயதிலிருந்து தினம் எட்டு நிமிஷம் வையுங்கள். ஆள் நெருக்கும்போது வராத நுட்பத்தை மேட்ச்சில் எதிர்பார்க்க முடியாது.

5. வேகமாக வளரும் மாதங்கள்: சிவப்புக் கோடு போட்ட பிள்ளைகள்

நேற்று வரை நன்றாக ஆடிய பையன் திடீரென்று தடுமாறுவான். பாஸ் தப்பும், பந்தில் கால் சிக்கும். சோம்பேறித்தனம் என்று கோச் கத்துவார். எலும்பு நீண்டுவிட்டது, மூளையும் தசையும் புது நீளத்துக்கு இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். சில மாதத்தில் சரியாகிவிடும்.

அந்த மாதங்களில் செய்ய வேண்டியது: சுவர் வேலைக்குத் திரும்புங்கள், வேகத்தைக் குறைத்து. குதிப்பதையும் நீண்ட தூரம் அடிப்பதையும் குறையுங்கள். அணியிலிருந்து மட்டும் தூக்காதீர்கள்.

முழங்காலுக்குக் கீழே முன்பக்க மேட்டில் வலி, அல்லது குதிகால் வலி என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். முதலாவதுக்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்றும், இரண்டாவதுக்குச் செவர்ஸ் என்றும் பெயர். வளரும் எலும்பு முனையைத் தசைநார் இழுப்பதால் வருவது. பெரும்பாலும் சுமையைக் குறைத்தால் போகும். நொண்டினாலோ, வீங்கினாலோ, ராத்திரி தூக்கத்தில் வலித்தாலோ எலும்பு டாக்டரிடம் அனுப்புங்கள். தைலம் தேய்த்து ஓட விடுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

6. உடம்புக்கு எது, எந்த வரிசையில்

இதில் எடை தூக்குவது கடைசி. முதலில் சமநிலை: ஒற்றைக் காலில் நின்று பந்தைக் கையால் பிடித்து எறிவது, எட்டு வயதிலேயே தொடங்கலாம். இரண்டாவது இறங்குவது. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாக மடங்கக் கூடாது, பாத விரலின் நேர்கோட்டில் மடங்க வேண்டும். பெண் பிள்ளைகளிடம் இதை இரண்டு மடங்கு கவனியுங்கள், முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் கிழிவது அவர்களுக்குத்தான் அதிகம்.

மூன்றாவது வேகம். பத்து, பதினைந்து மீட்டர் முழு வேக ஓட்டம், நடுவில் நன்றாக மூச்சு வாங்கும் வரை ஓய்வு. ஓய்வில்லாமல் ஓடினால் அது வேகப் பயிற்சி ஆகாது, மெதுவாக ஓடத்தான் உடம்பு பழகும். நான்காவது தன் உடம்பு எடையிலேயே வலு: உட்கார்ந்து எழுந்திருத்தல், தண்டால், முழங்கையில் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துதல். 15 வயதுக்கு மேல், தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் எடை.

தனித்தனியாக யோசிக்க நேரமில்லை என்றால் ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப்பைக் கற்றுக்கொள்ளுங்கள். 15 பயிற்சிகள், சுமார் 20 நிமிஷம், 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. சின்னப் பிள்ளைகளுக்குத் தனி வடிவம் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறையாவது விடாமல் செய்தால் காயம் குறைகிறது என்று ஆய்வுகளில் உறுதியானது.

தாக்குப்பிடிக்கும் சக்தியை 14 வரை ஆட்டத்திலேயே விட்டுவிடுங்கள். மூவருக்கு மூவர் நாலு நிமிஷம் ஆடி, இரண்டு நிமிஷம் ஓய்வு, அப்படி நாலு முறை. எந்த ரவுண்டு ஓட்டத்தையும்விட மூச்சு வாங்கும், பந்தும் காலில் இருக்கும்.

தலையால் முட்டுவது: அமெரிக்காவில் 2015 முதல் 11 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடை, இங்கிலாந்தில் 2020 முதல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் கிடையாது. நாமும் 12 வரை தொட வேண்டாம்.

சாப்பாட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றில் வரும் பிள்ளைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஒரு வாழைப்பழமாவது கொடுத்து இறக்குங்கள். முடிந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. முட்டை, வேர்க்கடலை, கீரை போதும். டப்பாப் பவுடர் வேண்டாம். பெண் பிள்ளை சீக்கிரம் களைக்கிறது, முகம் வெளுத்திருக்கிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்.

7. பெற்றோரிடம் பேசுவது

“சார், பக்கத்து வீட்டுப் பையன் தோள் உசரம்தான் இருக்கான் எம் புள்ள. ஏதாவது டானிக் குடுக்கலாமா?” வருஷத்துக்கு நாலு அப்பாக்களாவது இதைக் கேட்பார்கள். மெஸ்ஸிக்கு ஊசி போட்டு வளர்த்தார்களாமே என்பார்கள். அவருக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு என்று டாக்டர்கள் கண்டுபிடித்துக் கொடுத்த மருத்துவம் அது. குறைபாடு இல்லாத பிள்ளைக்கு அது பொருந்தாது. அப்படியும் அவர் உயரம் 1.70 மீட்டர்தான். நம் சுனில் சேத்ரியும் அதே உயரம்தான்.

இதைச் சொல்லிவிட்டு நோட்டைத் திறந்து காட்டுங்கள். “அண்ணே, போன வருஷம் நாலு சென்டிமீட்டர்தான். இன்னும் வளர்ச்சி ஆரம்பிக்கலை. அதுக்குள்ள கால் பழகட்டும்” என்றால் அவர்களுக்குப் புரியும். வளர்ச்சி நின்றுவிட்டது போலத் தெரிந்தால் மட்டும் குழந்தைகள் டாக்டர்.

உண்மையையும் மறைக்காதீர்கள். கோல்கீப்பருக்கும், கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கும் நடு பேக்குக்கும் உயரம் உதவும், மேல்மட்டத்தில் அது இல்லாமல் கஷ்டம். அதனால்தான் 14 வரை யாரையும் ஒரே இடத்தில் கட்டிப்போடக் கூடாது. கோல்கீப்பரும் வெளியே ஆடட்டும்.

8. செலக்‌ஷனுக்கு அனுப்பும்போது

ஒரு முறை 13 வயதுப் பிள்ளைகளை ஒரு தேர்வுக்குக் கூட்டிப் போனேன். பந்தை எடுக்கும் முன்பே உயர வரிசையில் நிறுத்திக் கடைசிப் பத்துப் பேரை உட்காரச் சொல்லிவிட்டார்கள். அதில் எங்கள் பெண் பிள்ளை ஒன்று. பஸ்ஸில் திரும்பும்போது ஊர் வரும் வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அதனால் அனுப்பும் முன் பிள்ளையிடம் என்ன பார்ப்பார்கள் என்று சொல்லிவிடுங்கள். குறுகிய ஓட்டம், தாண்டுதல் போன்ற உடல் சோதனைகள் இருக்கும் என்றால் ஆறு வாரம் முன்பே 6-ஆம் பகுதியின் வேகப் பயிற்சியை வாரம் இரண்டாக்குங்கள். ஓட்டத்தைத் தொடங்கும் நிலையைப் பழக்கினாலே நேரம் குறையும். பிந்தி வளரும் பிள்ளை என்றால் அந்த வருஷம் அனுப்பாமல் அடுத்த வருஷம் அனுப்புவதும் சரியான முடிவுதான். தேர்வில் கிடைக்காததை வளர்ச்சிக் கணக்கோடு சேர்த்து விளக்குங்கள், அடுத்த நாள் பயிற்சிக்கு நீங்களே வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள்.

9. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சரிபார்ப்பது

கோல் கணக்கை வைத்துப் பார்த்தால் மறுபடியும் பெரிய பையன்களைத்தான் பாராட்டிக்கொண்டிருப்போம். நால்வர் ஆட்டம் ஒன்றைப் பத்து நிமிஷம் செல்போனில் எடுத்து, வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்றை மட்டும் எண்ணுங்கள்: பந்து எத்தனை முறை வந்தது, வரும் முன் எத்தனை முறை தலையைத் திருப்பிப் பார்த்தது, முதல் தொடுதலில் எத்தனை முறை பந்து கைவிட்டுப் போனது. ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிஷம்தான் ஆகும், ஒரே ராத்திரியில் எல்லாரையும் முடிக்கப் பார்க்காதீர்கள்.

தை மாதம் ஒன்று, பள்ளி திறந்ததும் ஜூனில் ஒன்று. எண்ணிய மூன்றையும் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உயரத்துக்கு நேராக எழுதுங்கள். உயரம் ஏறி முதல் தொடுதல் மோசமாகியிருந்தால் வளர்ச்சித் தடுமாற்றம், பொறுத்திருங்கள். உயரம் ஏறாமலே மோசமாகியிருந்தால் அடுத்த நாள் அந்தப் பிள்ளையோடு நீங்களும் சுவர் முன்னால் நாலு அடி தள்ளி நில்லுங்கள்.